நர்சிங் படித்து முடிக்க எத்தனை வருஷம்? பிளஸ் டூ முடித்தவர்களுக்கு ஒரு நேரான கணக்கு

பி.எஸ்சி. நர்சிங் எத்தனை வருஷம் என்று யாரைக் கேட்டாலும் நாலு வருஷம் என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். பாடத்திட்டப்படி அது சரிதான். ஆனால் கடனை உடனை வாங்கிப் படிக்க வைக்கிற அப்பா அம்மாவுக்கு அந்த நாலு மட்டும் தெரிந்தால் போதாது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து, பிள்ளை மாநில நர்சிங் கவுன்சிலில் நர்ஸாகப் பதிவு செய்து, ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளம் வாங்குகிற நாள் வரை எவ்வளவு காலம் என்று பார்க்க வேண்டும். எந்தத் தடங்கலும் இல்லாமல் போனாலே அது நாலரையிலிருந்து ஐந்து வருஷம் பிடிக்கும். இடையில் ஏதாவது இடறினால் ஆறு, ஏழு என்று இழுத்துக்கொண்டே போகும். எங்கே இழுக்கிறது, இழுக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதைத்தான் தமிழ்நாட்டை வைத்துப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: எந்தப் படிப்பு என்று முடிவு செய்யுங்கள்

நர்சிங் என்று பொதுவாகச் சொன்னாலும் உள்ளே நுழைய மூன்று வாசல் இருக்கிறது. ஏ.என்.எம். இரண்டு வருஷம், பெண்களுக்கு மட்டும். கிராமத்தில் தடுப்பூசி போடுவது, கர்ப்பிணிகளைக் கவனிப்பது மாதிரியான பொதுச் சுகாதார வேலைக்கான படிப்பு அது. ஜி.என்.எம். என்கிற டிப்ளமா மூன்று வருஷம். பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம். பின்னால் சொன்ன இரண்டில் எதைப் படித்தாலும் ஸ்டாஃப் நர்ஸ் ஆகலாம்.

ஜி.என்.எம். விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. உங்கள் ஊரில் ஏற்கெனவே நர்ஸாக இருக்கிற அக்காவைக் கேட்டால் மூன்றரை வருஷம் என்பார். அவர் படித்த காலத்தில் அப்படித்தான். 2015-இல் பாடத்திட்டத்தை மாற்றி, இன்டர்ன்ஷிப்பையும் உள்ளே சேர்த்து மொத்தம் மூன்று வருஷமாக்கிவிட்டார்கள். அதே மாதிரி பி.எஸ்சி. நர்சிங்கும் 2021-22 பேட்ச்சிலிருந்து வருடத் தேர்வு முறையை விட்டு செமஸ்டர் முறைக்கு வந்துவிட்டது. அதனால் சீனியர்கள் சொல்கிற யோசனைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் தேர்வு, அரியர் பற்றி அவர்கள் சொல்வதை மட்டும் இப்போதைய விதிமுறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்தப் படிப்பு நீண்டுகொண்டே வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் நர்சிங் பயிற்சி தொடங்கியதே நம் சென்னையில்தான் என்று நர்சிங் வரலாற்றுப் பாடத்தில் வரும்: 1871-இல் அரசுப் பொது மருத்துவமனையில், நாலே நாலு மாணவிகளோடு, ஆறு மாத மகப்பேறுப் பயிற்சி. வேலூர் சி.எம்.சி.யில் 1909-இல் நர்சிங் பள்ளி வந்தது. 1946-இல் அதே வேலூரிலும் டெல்லியிலும் பட்டப்படிப்பே தொடங்கியது. ஆறு மாதத்தில் கற்றுக்கொடுத்ததை எதற்கு நாலு வருஷமாக்கினார்கள் என்று கேட்பவர்கள், இப்போதைய ஐ.சி.யூ. ஒன்றில் ஒரு நோயாளியின் படுக்கையைச் சுற்றி எத்தனை மெஷின் ஓடுகிறது என்று ஒருமுறை பார்த்தால் போதும், பதில் கிடைத்துவிடும்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? என் அபிப்பிராயத்தை நேராகவே சொல்கிறேன். வீட்டில் நாலு வருஷம் தாங்குவார்கள், பிளஸ் டூவில் உயிரியல் இருக்கிறது, மதிப்பெண்ணும் இருக்கிறது என்றால் பி.எஸ்சி.யில் சேருங்கள். ஜி.என்.எம். முடித்துவிட்டு அப்புறம் பட்டம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அதற்குப் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. என்று தனியாக இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது. ஆக மூன்றும் இரண்டும் ஐந்து. ஒரு வருஷம் கூடுதல் என்பது பெரிய விஷயம் இல்லை, ஆனால் வேலைக்குச் சேர்ந்து, சம்பளம் வீட்டுக்கு வர ஆரம்பித்து, கல்யாணமும் ஆகிவிட்ட பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு இரண்டு வருஷம் மறுபடி ஹாஸ்டலில் போய் உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்பது ஜி.என்.எம். முடித்த யாரைக் கேட்டாலும் தெரியும். போக வேண்டும் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பத்து வருஷம் ஓடிவிடும்.

அதற்காக ஜி.என்.எம். தாழ்ந்தது என்று நினைக்காதீர்கள். வீட்டுக்கு வருமானம் சீக்கிரம் வேண்டும் என்றால் அது நல்ல வழி. தமிழ்நாடு அரசு ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ் எடுக்கும் எம்.ஆர்.பி. தேர்வை டிப்ளமா முடித்தவரும் எழுதலாம், டிகிரி முடித்தவரும் எழுதலாம். ஒரே வார்டு, ஒரே பதவி. இன்னொன்று, பிளஸ் டூவில் காமர்ஸ் அல்லது வேறு குரூப் எடுத்தவர்களுக்குப் பி.எஸ்சி. கதவு மூடியிருக்கும், ஜி.என்.எம். விதிமுறையில் எந்தக் குரூப்பாக இருந்தாலும் ஆங்கிலத்தோடு 40 சதவீதம் இருந்தால் விண்ணப்பிக்க இடம் உண்டு, அறிவியல் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்பதோடு.

இது தவிர ஆறு மாதம், ஒரு வருஷம் என்று 'நர்சிங்' என்ற பெயரை மட்டும் ஒட்டிக்கொண்டு ஊருக்கு ஊர் போர்டு மாட்டியிருக்கிற கோர்ஸ்கள் இருக்கின்றன. உதவியாளர் வேலைக்கு அவை பயன்படலாம், உழைப்பில் எதுவும் கேவலம் இல்லை. ஆனால் அந்தச் சான்றிதழை வைத்து நர்ஸாகப் பதிவு செய்ய முடியாது, அதில் படித்த ஒரு வருஷம் பி.எஸ்சி.யிலோ ஜி.என்.எம்.மிலோ கழியவும் கழியாது. "ஒரே வருஷத்தில் நர்ஸ் ஆகலாம்" என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தொலைதூரக் கல்வியில் நாலு வருஷ பி.எஸ்சி. நர்சிங் என்பதும் கிடையாது. நோயாளி இல்லாமல் தபாலில் கற்றுக்கொள்ளக் கூடிய படிப்பு இல்லை இது.

இரண்டாவது படி: சீட் வாங்குவது

பி.எஸ்சி.க்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்திருக்க வேண்டும். தேசிய விதிப்படி பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதவீதம். சேருகிற வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். இந்த வயது விஷயத்தைப் பலர் கவனிப்பதே இல்லை. சின்ன வயதிலேயே பள்ளியில் போட்ட பிள்ளைகளுக்கு, எல்லாம் சரியாக இருந்தும் ஜனவரியில் பிறந்த ஒரே காரணத்துக்காக ஒரு வருஷம் வீணாகிவிடும்.

தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரி இடங்களுக்கும், தனியார் கல்லூரிகளில் இருக்கிற அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு கவுன்சிலிங் நடத்துகிறது. துணை மருத்துவப் படிப்புகள் என்ற தலைப்பில் விண்ணப்பம் வரும். பிளஸ் டூ மதிப்பெண்தான் தரவரிசைக்கு அடிப்படை, நீட் தேவையில்லை. ஆனால் புதுச்சேரி ஜிப்மர், ராணுவ நர்சிங் கல்லூரிகள் போன்றவற்றுக்கு நீட் மதிப்பெண் பார்க்கிறார்கள், வேலூர் சி.எம்.சி. தனியாக விண்ணப்பம் வாங்கித் தேர்ந்தெடுக்கிறது. ராணுவ நர்சிங்கில் சேர்ந்தால் படிப்பு முடிந்ததும் ராணுவச் செவிலியர் சேவையில் வேலை செய்வதாக எழுதிக்கொடுக்க வேண்டும், அதை மனத்தில் வைத்துக்கொண்டு போங்கள்.

முதல் இழுவை இங்கேதான் வரும். எம்.பி.பி.எஸ். கவுன்சிலிங் ஓடுகிற அதே காலத்தில், அதற்குப் பின்னால்தான் பெரும்பாலும் நம் வரிசை நகரும். மே மாதம் ரிசல்ட் வந்திருக்கும், பக்கத்து வீட்டுப் பெண் கலைக் கல்லூரிக்குப் போய்க் கொண்டிருப்பாள், நீங்கள் அக்டோபர் வரைக்கும்கூட காத்திருக்க நேரலாம். ஆக கோர்ஸ் தொடங்குவதற்கு முன்பே நாலைந்து மாதம் போயிற்று. பயந்துபோய் யாரோ ஒரு ஏஜென்ட் கையில் அட்வான்ஸ் கொடுத்துவிடாமல் பொறுமையாக இருங்கள். அந்த நேரத்தில் சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழ், எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று பார்த்துத் திருத்தி வையுங்கள். ஆதாரில் ஓர் எழுத்து மாறியிருந்தால் இப்போது இ-சேவை மையத்தில் ஒரு நாள் வேலை. நாலு வருஷம் கழித்துக் கவுன்சிலில் பதியும்போது அது பல வார அலைச்சல்.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் படிப்பு முடிகிற வரை வரும், நர்சிங்கும் அதில் அடங்கும். பையன்களுக்கு 2024-இலிருந்து தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. கல்லூரியில் சேர்ந்த உடனே அலுவலகத்தில் கேட்டுப் பதிந்துவிடுங்கள்.

மூன்றாவது படி: கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா

முழு நாலு வருஷமும் ஒரே அடியாகப் போய்விடக் கூடிய இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு கல்லூரிக்கு மூன்று இடத்தில் பெயர் இருக்க வேண்டும்: இந்திய நர்சிங் கவுன்சில், அந்த மாநில நர்சிங் கவுன்சில், இணைப்புப் பல்கலைக்கழகம். தமிழ்நாட்டில் மாநிலக் கவுன்சில் என்றால் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் மிட்வைஃப்கள் (பிரசவம் பார்க்கிற நர்ஸுகள்) கவுன்சில், 1926-ஆம் வருஷச் சட்டப்படி உருவானது. பல்கலைக்கழகம் பெரும்பாலும் கிண்டியில் இருக்கிற தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தனி. பட்டியல் இணையத்திலேயே கிடைக்கும். கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காமல், நீங்கள் சேருகிற அந்தக் கல்வியாண்டுக்கு, அந்தப் படிப்புக்கு, எத்தனை இடத்துக்கு அனுமதி என்பதையும் பாருங்கள். அறுபது இடத்துக்கு அனுமதி வாங்கிவிட்டு எண்பது பேரைச் சேர்த்தால் அந்த மீதி இருபது பேரின் கதி என்ன என்று யோசியுங்கள்.

அப்புறம், ஆஸ்பத்திரி. கல்லூரிக் கட்டடம் எவ்வளவு பளபளப்பாக இருக்கிறது என்று பார்க்காதீர்கள். சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா, எத்தனை படுக்கை, அதில் உண்மையிலேயே நோயாளிகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஒரு சாதாரண நாளில் காலை பத்து மணிக்கு ஓ.பி. பக்கம் போய் நின்றால் தெரிந்துவிடும். பிரசவ வார்டு நடக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். ஏன் என்று கீழே வரும்.

பெங்களூர் போன்ற வெளிமாநில ஊர்களில் சேருவதென்றால் ஒரு கணக்கைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே படித்தால் முதலில் அந்த மாநிலக் கவுன்சிலில் பதிய வேண்டும், அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கித் தமிழ்நாட்டில் மறுபடி பதிய வேண்டும். இரண்டு ஆபீஸ், இரண்டு காத்திருப்பு.

ஒரிஜினல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, படித்து முடித்ததும் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே இரண்டு வருஷம் வேலை பார்த்தால்தான் தருவோம் என்று பாண்ட் எழுதி வாங்குகிற தனியார் இடங்களும் உண்டு. இந்த பாண்ட் முறை கூடாது என்று இந்திய நர்சிங் கவுன்சிலே சொல்லியிருக்கிறது. சேரும்போதே கேட்டுவிடுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

நாலாவது படி: அந்த எட்டு செமஸ்டர்

ஒவ்வொரு செமஸ்டரும் இருபது வாரம், வாரத்துக்கு நாற்பது மணி நேரம் என்று கணக்கு. மற்ற டிகிரி மாதிரி மதியம் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போகிற படிப்பு இல்லை. காலையில் வார்டு, மதியம் வகுப்பு, ராத்திரி கேர் பிளான், அதாவது நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம், எழுதுவது என்று ஓடும்.

முதல் வருஷம் உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல், சத்துணவு, உளவியல், சமூகவியல், நர்சிங் அடிப்படை. தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்கள் திணறுவது இந்த வருஷத்தில்தான். பாடம் புரியாமல் இல்லை, சொற்கள் புரியாமல். எலும்புக்கும் தசைக்கும் நரம்புக்கும் லத்தீனில் பெயர் வரும். தினம் பத்துப் பெயரை எழுதிப் படித்து, வார்டில் நோயாளியின் கேஸ் ஷீட்டில் அதே பெயரைத் தேடிப் பாருங்கள், மூன்றே மாதத்தில் பயம் விட்டுப்போகும். இரண்டாம் வருஷம் மருந்தியல், நோய்க்கூறியல், நுண்ணுயிரியல், கூடவே பெரியவர்களுக்கான நோய்ப் பராமரிப்பு. மூன்றாம் வருஷம் குழந்தைகள், மனநலம், சமூக நலம், ஆறாம் செமஸ்டரில் மகப்பேறு ஆரம்பம். ஏழாவதில் மகப்பேறு இரண்டாம் பகுதி, ஆராய்ச்சி. எட்டாவது செமஸ்டர் முழுக்க இன்டர்ன்ஷிப்: 22 வாரம், வாரம் 48 மணி நேரம், நைட் டூட்டியும் சேர்த்து.

பிரசவ வார்டு பற்றிக் கீழே வரும் என்றேன் அல்லவா, அங்கே போடுகிற பயிற்சி டூட்டிதான் மகப்பேறு போஸ்டிங். பிரசவங்களை நீங்களே கூட இருந்து பார்த்து, உதவி செய்து, மேற்பார்வையில் உங்கள் கையாலேயே எடுத்து, ஒவ்வொன்றையும் ரெக்கார்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒரு தாய் வலியோடு உள்ளே வருகிறார், அவரை உங்களுக்கு ஒதுக்குகிறார்கள். அரை மணிக்கு ஒருமுறை குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கிறீர்கள், வயிற்றில் கை வைத்து வலி எத்தனை விநாடி நிற்கிறது என்று எண்ணுகிறீர்கள், பார்ட்டோகிராஃப் என்கிற பிரசவ முன்னேற்ற வரைபடத்தில் புள்ளி வைக்கிறீர்கள், முதுகைத் தடவிக் கொடுக்கிறீர்கள், கைலியை மாற்றிவிடுகிறீர்கள். ராத்திரி முழுக்க இப்படி. காலை எட்டு மணிக்கு டூட்டி முடிகிறது, எட்டே காலுக்குக் குழந்தை பிறக்கிறது. கிளம்பிப் போயிருந்தால் அந்தக் கேஸ் அடுத்த ஷிஃப்டில் வந்த தோழிக்குத்தான். அதனால் கிளம்பாதீர்கள், ஸ்டாஃபிடம் சொல்லிவிட்டு இருங்கள். அந்தப் பதினைந்து நிமிஷத்தில் கற்றுக்கொள்வது புத்தகத்தில் வராது. மாதத்துக்கு நாலே பிரசவம் நடக்கிற சின்ன ஆஸ்பத்திரி என்றால் அறுபது மாணவிகள் எங்கே போவார்கள்? அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், அங்கே ஏற்கெனவே நாலு கல்லூரி வரிசையில் நிற்கும். கேஸ் குறைந்தால் ரெக்கார்டு முடியாது. பிரசவ வார்டைக் கேளுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

ஐந்தாவது படி: வருஷம் நழுவாமல் பார்த்துக்கொள்வது

நாலு வருஷத்தை ஐந்தாக்குவது இரண்டு: வருகைப்பதிவும் அரியரும்.

ஒவ்வொரு பாடத்திலும் 80 சதவீதம் வருகை இருந்தால்தான் தேர்வுக்கு உட்காரலாம், தியரிக்கும் பிராக்டிகலுக்கும் தனித்தனியாக. என்ன காரணத்துக்காக வராமல் இருந்தீர்கள் என்று விதி பார்ப்பதில்லை. அம்மை போட்டாலும் டெங்கு வந்தாலும் அக்கா கல்யாணம் என்றாலும் ஊர்த் திருவிழா என்றாலும் லீவு லீவுதான். நாற்பது மணி நேரப் பாடத்தில் எட்டு மணி நேரம் போனால் எல்லை வந்துவிட்டது. அதனால் உடம்பு சரியாக இருக்கிற காலத்தில் லீவைத் தொடாதீர்கள், உடம்புக்கு முடியாமல் போகிற நாளுக்கு அதை வைத்திருங்கள்.

தேர்வு எழுத 80 போதும், ஆனால் பட்டம் வாங்க வார்டுப் பயிற்சியில் 100 சதவீதம் முடித்திருக்க வேண்டும். இதைப் பலர் கடைசி வருஷத்தில்தான் கவனிப்பார்கள். விட்டுப்போன டூட்டி நாள்களை எல்லாம் அப்புறம் ஈடுகட்ட வேண்டும். கூடப் படித்தவர்கள் எல்லோரும் பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குப் போன பிறகு, ஹாஸ்டலில் தனியாக இருந்து, முதல் வருஷத்தில் விட்ட மெடிக்கல் வார்டு டூட்டியை முடித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் பாவமாக இருக்கும். அந்தந்த செமஸ்டர் லீவிலேயே ஈடுகட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். லாக் புக்கும் அப்படியே: தேதி, நோயாளியின் ஐ.பி. (உள்நோயாளி) நம்பர், செய்த வேலை, பக்கத்தில் மேடம் கையெழுத்து. வேலை செய்த அன்றைக்கே வாங்குங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் அந்த ஆசிரியை வேறு கல்லூரிக்கு மாறிப் போயிருப்பார்.

அரியர் விஷயம்: பெரும்பாலான பாடங்களில் தியரியிலும் பிராக்டிகலிலும் தனித்தனியாக 50 சதவீதம் வேண்டும். ஒரு பாடம் போனாலும் வகுப்பில் தொடரலாம், ஆனால் பழைய பாக்கியை முடிக்காமல் பின்னால் வருகிற செமஸ்டர் தேர்வுகளை எழுத விடாமல் நிறுத்துகிற இடங்கள் விதியில் இருக்கின்றன. அங்கே மாட்டினால் ஒரு பாடம் ஆறு மாதத்தைச் சாப்பிடும். முதல் வருஷ அரியரை இரண்டாம் வருஷத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு போகாதீர்கள் என்பேன், மருந்தியலும் உயிர்வேதியியலும் ஒன்றாகத் தலையில் இருந்தால் இரண்டும் கெடும். மொத்தமாக எட்டு வருஷத்துக்குள் படிப்பை முடித்தாக வேண்டும் என்ற உச்சவரம்பும் உண்டு.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. மூன்றாம் வருஷத்தில் நல்ல வரன் வந்தது என்று கல்யாணத்தை வைத்து, ஒரு மாதம் லீவு போட வைத்து, அப்புறம் கர்ப்பம், வாந்தி, போஸ்டிங் போக முடியவில்லை என்று நின்றுபோன படிப்புகள் நிறைய இருக்கின்றன. மூன்று வருஷம் கட்டிய பணமும் உழைப்பும் இருக்கிறது, இன்னும் ஒரே ஒரு வருஷம்தான். மாப்பிள்ளை வீட்டாரிடம் தயங்காமல் சொல்லுங்கள், பெண் படித்து முடிக்கட்டும் என்று.

ஆறாவது படி: பட்டம் வந்தால் மட்டும் நர்ஸ் ஆகிவிட முடியாது

கடைசித் தேர்வு ரிசல்ட் வந்ததும் புரொவிஷனல் சான்றிதழ், ஒருங்கிணைந்த மார்க் ஷீட், நன்னடத்தைச் சான்றிதழ் எல்லாம் வாங்கிக்கொண்டு மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு எண் வந்த பிறகுதான் நீங்கள் சட்டப்படி நர்ஸ். ஆர்.என்., ஆர்.எம். என்று இரண்டும் சேர்ந்து வரும், அதாவது நர்ஸாகவும் மிட்வைஃபாகவும். அரசு வேலை, நல்ல தனியார் ஆஸ்பத்திரி, வெளிநாடு என்று எங்கே போனாலும் முதலில் கேட்பது இதைத்தான். கல்லூரியிலிருந்து சான்றிதழ் வருவது, பல்கலைக்கழகத்தில் சரிபார்ப்பது, கவுன்சிலில் பதிவது எல்லாம் சேர்ந்து சில மாதம் ஓடும். அதற்குள் கைச்செலவுக்காகப் பதிவு இல்லாமலே எங்காவது வேலைக்குச் சேர்ந்தால், அந்த மாதங்கள் பின்னால் அனுபவக் கணக்கில் வராமல் போய்விடும், அதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

பதிவைக் காலாவதி ஆக விடாதீர்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அதற்குத் தொடர்கல்வி நேரம் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் நடக்கிற வகுப்பு, கருத்தரங்கு எதற்குப் போனாலும் சான்றிதழை வாங்கி ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள்.

ஏழாவது படி: அதற்கு அப்புறம் எவ்வளவு காலம்

இதைப் படிப்பில் சேரும்போதே யோசிக்கணும், ஏனென்றால் தேர்ந்தெடுத்த பாதையைப் பொறுத்து இங்கே கணக்கு மாறும்.

அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. தேர்வு எப்போது வருகிறதோ அப்போதுதான். வருஷா வருஷம் வரும் என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம், அறிவிப்பு வருகிற வரை ஒரு நல்ல ஆஸ்பத்திரியில் வேலை பாருங்கள். தேர்வானாலும் முதலில் தொகுப்பூதியத்தில், அதாவது மாதம் ஒரே தொகையாகத் தருகிற சம்பளத்தில்தான் போடுவார்கள், காலிப் பணியிடம் வர வரத்தான் நிரந்தர நர்ஸுக்கான காலமுறை ஊதியம். அதற்காகப் பல வருஷம் காத்திருந்து போராடிய நர்ஸுகள் இருக்கிறார்கள். மத்திய அரசில் எய்ம்ஸ் நடத்துகிற நார்செட் தேர்வு பெரியது. அதில் பி.எஸ்சி. முடித்துப் பதிவு செய்தவர் உடனே விண்ணப்பிக்கலாம், ஜி.என்.எம். முடித்தவருக்கு ஐம்பது படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷ அனுபவம் வேண்டும். பொதுவான வயது வரம்பு 30 என்பதால், இழந்த ஒவ்வொரு வருஷமும் இங்கே கணக்கில் நிற்கும்.

மேலே படிக்க ஆசை என்றால் எம்.எஸ்சி. நர்சிங் இரண்டு வருஷம், ஆனால் பி.எஸ்சி. முடித்த கையோடு சேர முடியாது, ஒரு வருஷ அனுபவம் வேண்டும். ஆக நாலு, ஒன்று, இரண்டு, மொத்தம் ஏழு. கல்லூரியில் ஆசிரியை ஆக விரும்புபவர்களுக்கு இதுதான் பாதை. வார்டிலேயே நிபுணத்துவம் வேண்டும் என்பவர்களுக்கு ஐ.சி.யூ., அவசர சிகிச்சை, பச்சிளம் குழந்தை, புற்றுநோய் என்று ஒரு வருஷ போஸ்ட் பேசிக் டிப்ளமாக்கள் இருக்கின்றன. பலர் இவற்றைக் கண்டுகொள்வதே இல்லை, எனக்கு அது வருத்தம்; ஐ.சி.யூ.வில் நிற்க விரும்புகிற ஒருவருக்கு எம்.எஸ்சி.யைவிட இது நேரடியாக உதவும்.

வெளிநாடு என்றால் வளைகுடா ஆஸ்பத்திரிகள் பெரும்பாலும் இரண்டு வருஷ அனுபவம் கேட்கும், கூடவே டேட்டாஃப்ளோ என்கிற சான்றிதழ் சரிபார்ப்பும் புரோமெட்ரிக் என்கிற கணினி வழி உரிமத் தேர்வும். இங்கிலாந்துக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. என்கிற ஆங்கிலத் தேர்வு, பிறகு கணினித் தேர்வு, அங்கே போனதும் ஆஸ்கி என்கிற செய்முறைத் தேர்வு. ஜெர்மனிக்கு ஜெர்மன் மொழி பி2 நிலை. முழு நேரமாகப் படித்தாலும் ஒரு வருஷம் ஒதுக்கிவிடுங்கள். தனியார் ஏஜென்சியிடம் லட்சக்கணக்கில் கொடுப்பதற்கு முன்னால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தின் அறிவிப்புகளைப் பாருங்கள், 1978-இலிருந்து இயங்குகிற அரசு நிறுவனம் அது, நர்ஸுகளையும் அனுப்புகிறது.

எங்கே போவதானாலும் கல்லூரியை விட்டுக் கிளம்புகிற மாதமே டிரான்ஸ்கிரிப்ட் என்கிற பாட விவரச் சான்றுக்கு விண்ணப்பித்து, படித்த மணி நேரக் கணக்கோடு முத்திரை போட்டு வாங்கி, மூன்று நாலு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலை பார்க்கிற ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் விலகும்போது அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, எந்த வார்டு, எத்தனை படுக்கை என்று தெளிவாகப் போட்டுக் கேளுங்கள். "இவர் இங்கே பணிபுரிந்தார்" என்று ஒரே வரியில் கொடுத்தால் திருப்பிக் கொடுத்து மறுபடி கேளுங்கள், அதற்காக நாலு தடவை நடக்க வேண்டி வந்தாலும் சரி.